மூன்றாவது மடிப்பு

திருப்பூரில் ஒரே ஒரு பனியன் கிடைக்காமல் இருபத்தேழு பேர் கொண்ட குழு நான்கு மாதம் அலைந்தது என்று சொன்னால், காதர்பேட்டை பனியன் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கூட நம்ப மாட்டார். கொல்லன் தெருவில் ஊசிக்குப் பஞ்சமா என்று கேட்டுவிட்டுப் போவார். ஆனால் நடந்தது அதுதான்.

எண்பதாவது சுதந்திர தினம் வருகிறது, ஊர் சார்பில் எதையாவது செய்தாக வேண்டும் என்று முதலாளிகள் சிலர் கூடிப் பேசி, ‘பொன்விழா நினைவுப் பாதுகாப்புக் குழு’ என்ற ஒன்றை அமைத்திருந்தார்கள். 1997இல் சுதந்திரத்தின் ஐம்பது ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாக ஒரு வெள்ளைப் பனியன் கொடுத்தார்கள். முன்பக்கம் பெரிதாக 50 என்ற எண். அதன் கீழே மூவர்ணத்தில் மூன்று கோடு. அதற்கும் கீழே ‘சுதந்திர திணப் பொன்விழா’ என்ற எழுத்து. அதில் ஒன்றைக் கண்டெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அன்றைய பிள்ளைகளின் குதூகலத்தை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்டுவது குழுவின் நோக்கம். தலைவர் மகுடேஸ்வரன், பெரிய ஏற்றுமதியாளர். அந்தப் பனியனை அன்று தைத்துக் கொடுத்தது அவருடைய ஐயன், அதாவது அப்பா, நடத்திய கம்பெனி என்பதால் தலைவர் பதவிக்கு வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாயிரம் பனியன் கொடுத்ததாகக் கணக்கு. ஒன்றுகூட அகப்படவில்லை. பிறந்தால் பனியன், கிழிந்தால் மிஷின் துடைக்கிற துணி என்பது இந்த ஊரில் துணிக்கு எழுதிய விதி. அதற்குச் சுதந்திரம் விலக்கல்ல. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் தேர்தல் பனியனோடு வந்தார். இன்னொருவர் கோழித்தீவனக் கம்பெனி கொடுத்த பனியனைக் கொண்டுவந்து, இதிலும் ஐம்பது என்று போட்டிருக்கிறதே, ஐம்பது கிலோ மூட்டையென்றால் என்ன கெட்டுப்போயிற்று என்று சண்டை பிடித்தார்.

அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒன்று சந்தனத்தின் வீட்டில், இரும்புப் பெட்டிக்குள், பாலிதீன் பையில் இருந்தது.

சந்தனம் ஒரு கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். தைத்து வரும் பனியனை விளக்குக்குக் கீழே விரித்து, எங்கே ஓட்டை, எங்கே கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று குறை கண்டுபிடிக்கிற உத்தியோகம். முப்பத்தெட்டு வயதாகிறது. அவனுடைய குடும்பம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தபோது அவனுக்கு ஒன்பது, அக்கா அபிராமிக்குப் பன்னிரண்டு. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அக்காவைக் கைமடி வேலைக்குச் சேர்த்தார்கள். கைமடி என்றால் டெய்லருக்கு எதிரில் நின்று, தைத்து விழும் துணியை வாங்கி மடித்து அடுக்கிக்கொண்டே இருப்பது. கை இருந்தால் போதும், வயதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

பொன்விழாப் பனியன்களைப் பதினோரு நாள் மடித்து அடுக்கியவர்களில் அபிராமியும் ஒருத்தி. ஆனால் பனியன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான். அளவெடுக்க நேரமில்லை என்று எல்லோருக்கும் பெரியவர்கள் போடுகிற தொண்ணூறு சைஸையே அடித்துவிட்டார்கள். நாலாம் வகுப்புச் சந்தனத்துக்கு அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கொடியேற்றிய மைதானத்தில் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று, “நைட்டி, நைட்டி” என்று கைதட்டினார்கள். அவன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான்.

“ஏலே, அழாத. இத என்ன செய்யணும்னு அக்காவுக்குத் தெரியும்” என்றாள் அபிராமி. கம்பெனியில் அன்று ஓடிக்கொண்டிருந்த சிவப்பு நூலில் கொஞ்சம் அவள் பாவாடை முடிச்சில் இருந்தது. கீழ் விளிம்பை உள்பக்கமாக வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மடிப்பு வைத்துக் கையாலேயே தைத்தாள். “வருசத்துக்கு ஒரு மடிப்பப் பிரிச்சு விடுதேன். மூணு தீவாளிக்கு ஒனக்குப் புதுச்சட்டை கெடச்ச மாதிரி.”

சொன்னபடியே செய்தாள். இரண்டு தீபாவளிக்கு இரண்டு மடிப்பைப் பிரித்தாள். மூன்றாவது தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்து, பதினைந்தாவது வயதில் போய்விட்டாள். மூன்றாவது மடிப்பைப் பிரிக்க ஆளில்லை. பிரிக்க வந்தவர்களைச் சந்தனம் விடவுமில்லை.

அபிராமிக்கு ஒரு போட்டோ கிடையாது. ரேஷன் கார்டில் இருந்த பெயரையும் அடித்தாயிற்று. இப்படி ஒரு பிள்ளை பூமியில் இருந்தாள், அவளுக்கு இரண்டு கை இருந்தது என்பதற்கு இத்தனை வருஷம் கழித்தும் மிச்சமிருந்த சாட்சி, அந்தச் சிவப்புத் தையல் ஓடிய ஒற்றை மடிப்பு மட்டும்தான்.

அப்படிப்பட்டதை ஏன் கொண்டுபோய்க் கொடுத்தான் என்று கேட்கலாம். அவன் மனைவி ஜெயபாரதியும் அதைத்தான் கேட்டாள். குழுவின் நோட்டீசில் ஒரு வரி இருந்தது: ‘பொருளை வழங்குவோர் சொல்லும் நினைவு, அப்படியே அட்டையில் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும்.’ அந்த வரியை அவன் ஐந்தாறு தடவை படித்தான். அபிராமி என்ற பெயர் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதியிருக்கும் என்று நினைத்ததும் எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்தான்.

“பொட்டியில வச்சது வச்ச மாதிரியே இருக்கும்னு நெனைக்கீயளா? ஆபீசுக்குள்ள போன எது முழுசா வெளிய வந்துருக்கு?” என்றாள் ஜெயபாரதி.

“சும்மா பாக்கதுக்குத்தானட்டி. கொடியேத்துன மறுநாளே திருப்பித் தந்துருவாங்க.”

“தந்தாச் சரி.”

குழுவின் அலுவலகம் ஒரு வங்கிக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. உள்ளே போனதும் குளிர்ந்தது. சுபஸ்ரீ என்ற பெண், குழுவின் தர உறுதி அலுவலர், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், அவனை எழுந்து நின்று வரவேற்று, தண்ணீர் கொடுத்து, நான்கு பிரதி கொண்ட படிவத்தையும் கொடுத்தாள். அதில் ‘நினைவின் தன்மை’ என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்று மகிழ்ச்சி. இன்னொன்று பெருமிதம்.

“கொஞ்சம் வருத்தமும் உண்டும்மா” என்றான் சந்தனம்.

“அதுக்குக் கட்டம் இல்லீங்கண்ணா. பொன்விழாங்கறதால மகிழ்ச்சியிலயே போட்டுர்றனுங்க.” போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். “தொண்ணூத்தேழுல நீங்க கொழந்தையா இருந்தீங்கன்னு ஒரு சான்று வேணுமுங்க.”

அவன் ஆதார் அட்டையை நீட்டினான்.

“இதுல பொறந்த தேதிதானுங்கண்ணா இருக்குது. கொழந்தையா இருந்தீங்கன்னு எங்கயும் போடலியே.”

சந்தனம் அரைநாள் விடுப்புப் போட்டுப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனான். தலைமையாசிரியை அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏட்டைப் புரட்டி, ‘மேற்படி நபர் 1997ஆம் ஆண்டு எங்கள் பதிவேட்டின்படி குழந்தையாக இருந்தார். நடத்தை நன்று’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். குழந்தையாக இருந்ததற்கு அவனிடம் இதுவரை ஆதாரம் இருந்ததில்லை. பேருந்தில் வரும்போது அதை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

பனியனை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து வரச் சொல்லிப் போன் வந்தது.

போனான். மேசையில் விரித்திருந்த பனியனின் முதுகில், அப்பளம் அளவுக்கு வட்டமாக இரண்டு ஓட்டை. என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. துணி எத்தனை கனம் என்று பார்க்க ஒரு வட்ட வெட்டியை வைத்து அழுத்தித் திருப்பி, வெட்டி விழும் வில்லையை எடை போடுவார்கள். கம்பெனியில் அவனே தினமும் செய்கிற காரியம். இருபத்தொன்பது வருஷப் பழைய பனியனுக்கும் அதைச் செய்வார்கள் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

“நூத்தி அறுபது ஜிஎஸ்எம் இருக்கோணுமுங்கண்ணா. அஞ்சு கம்மியாத்தான் வந்துது” என்றாள் சுபஸ்ரீ. “மொறைப்படி அஞ்சு எடத்துல வெட்டி சராசரி எடுக்கோணும். நினைவுப் பொருளுங்கறதால ரெண்டோட நிறுத்திட்டனுங்க.”

அவன் கீழ் விளிம்பைத் தூக்கிப் பார்த்தான். மடிப்பு இருந்தது. சிவப்புத் தையல் இருந்தது. ஓட்டை விழுந்த பனியனைப் பார்த்துவிட்டு, “ரொம்ப நன்றிம்மா” என்று சொன்ன முதல் செக்கிங் மாஸ்டர் அவனாகத்தான் இருப்பான்.

அடுத்த சிக்கல் எழுத்தில் வந்தது. ‘தினம்’ என்பதற்கு ‘திணம்’ என்று அடித்திருக்கிறது, இதை எப்படிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று குழுவில் யாரோ கிளப்பிவிட, மூன்று கூட்டம் நடந்தது. மூன்றுக்கும் பொருளுக்கு உரியவர் என்ற முறையில் சந்தனத்தை வரச் சொல்லி, சுவரோரமாக உட்கார வைத்தார்கள். ஒரு தமிழாசிரியர் வந்து, ‘திண்’ என்றால் உறுதி, ஆகவே உறுதியான சுதந்திரம் என்று பொருள் கொள்ளலாம் என்றார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். கடைசியில் மகுடேஸ்வரன் எழுந்தார்.

“எங்கய்யன் பெருசா படிக்கலீங்க. ஆனா குடுக்கறதுல கொறையே வெக்க மாட்டாருங்க. ரெண்டு சுழி போட வேண்டிய எடத்துல மூணு சுழி போட்டிருக்கறாருன்னா, நாட்டுக்கு ஒரு சுழி சேர்த்துக் குடுத்திருக்கறாருன்னுதானுங்க அர்த்தம்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எழுத்து அப்படியே இருக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. சந்தனமும் கைதட்டினான். மூன்று சுழிக்கே இத்தனை பெருந்தன்மை காட்டுகிறவர்கள் ஒரு மடிப்புக்கா காட்ட மாட்டார்கள் என்று அவனுக்கு ஒரு தெம்பு வந்தது. வெள்ளந்தி மனுஷன்.

ஆடி பிறந்த வாரம் மறுபடியும் போன் வந்தது. இந்த முறை சுபஸ்ரீயின் முகம் சரியில்லை. கையில் 1997இல் எழுதிய அளவுத்தாள் ஒன்று இருந்தது. மகுடேஸ்வரனின் ஐயன் காலத்துக் கோப்பிலிருந்து தேடி எடுத்திருக்கிறார்கள்.

“உயரம் எழுபது சென்டிமீட்டருங்கண்ணா. ஒண்ணு கூடலாம், ஒண்ணு கொறையலாம். இது அறுபத்தஞ்சுதான் இருக்குது. அந்த மடிப்பப் பிரிச்சுவுட்டா கரெக்டா எழுபது வந்துருமுங்க. நானே அளந்து பாத்துட்டேன்.”

சந்தனம் பதறி எழுந்தான். “அதப் பிரிக்கக் கூடாதும்மா. மத்தது என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோங்க. அத மட்டும் தொடாதீங்க.”

“அப்ப ரிஜெக்ட்டுன்னு எழுதோணுமுங்களே.”

“எழுதிக்கோங்க. எழுதிட்டு எங்கிட்டயே குடுத்துருங்க. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருதேன்.”

சுபஸ்ரீ அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அண்ணா, உங்களுக்குத் தெரியாததுங்களா? ரிஜெக்ட் பண்ணுன பீஸை வெளிய விட முடியுமுங்களா? ரெண்டா வெட்டிப்போட்டுத்தான வேஸ்ட்டுக்கு அனுப்போணும்.”

அவனுக்குத் தெரியும். கழிக்கப்பட்ட சரக்கு அப்படியே மார்க்கெட்டுக்குப் போய்விடக் கூடாது என்று குறுக்காக ஒரு வெட்டு விழும். இந்த வேலைக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் அவன் கையாலேயே எத்தனை ஆயிரம் வெட்டியிருப்பான்! பாஸானால் மடிப்பு போய்விடும், ஃபெயிலானால் பனியனே போய்விடும். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் என்பது குதிரைக்குச் சொன்னது. இங்கே இரண்டையும் ஒரே படிவத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. யோசித்து ஒரு வழி சொன்னாள். மடிப்பு ஏன் வந்தது என்ற காரணத்தை உண்மையாக ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால், தலைவர் பார்த்துத் தனி அனுமதி கொடுப்பார். “மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்கண்ணா. ஒண்ணையும் உடாதீங்க. காரணம் உருக்கமா இருந்தா தலைவர் ஒத்துக்குவாருங்க.”

அன்று மாலை சந்தனமும் ஜெயபாரதியும் எதிரெதிராக உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினார்கள். நான்கு தடவை கிழித்து எழுதினான். கடைசியில் நின்றது இதுதான்:

‘ஐயா, வணக்கம். பனியனில் உள்ள மடிப்பு பிழையல்ல. அதைத் தைத்தவள் என் அக்கா அபிராமி. வயது பன்னிரண்டு. அவள் தங்கள் ஐயன் கம்பெனியில்தான் கைமடியாக இருந்தாள். இந்தப் பொன்விழாப் பனியன்களைப் பதினோரு நாள், இரவு எட்டு மணி வரை நின்று மடித்தாள். அவள் பள்ளிக்கூடம் போகாததால் அவளுக்குப் பனியன் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்ததற்கு அவள்தான் அளவு சரிசெய்து கொடுத்தாள். அவள் இப்போது இல்லை. அவள் தையல் இது ஒன்றுதான் இருக்கிறது. தயவுசெய்து பிரிக்க வேண்டாம். அட்டையில் அவள் பெயரையும் எழுதினால் என்றும் மறக்க மாட்டேன்.’

ஜெயபாரதி படித்துப் பார்த்தாள். “இதப் படிச்சுட்டும் ஒருத்தன் பிரிப்பானா?” என்றாள்.

எந்தக் கடிதத்துக்கும் மூன்று வாரத்துக்கு முன்னால் பதில் போடாத குழு, இதற்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கே பதில் சொல்லியது. உடனே வரவும்.

மகுடேஸ்வரனின் அறையில் தங்கராஜ் என்ற புதிய ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனிகளுக்குக் கம்ப்ளையன்ஸ் ஆலோசகர். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்து, தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா, சின்னப் பிள்ளைகள் யாரும் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பார் அல்லவா? அவர் பார்ப்பதற்கு முன்னால் பார்த்துச் சரிசெய்கிறவர் இவர். சந்தனத்தின் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேசைமேல் இருந்தது.

“பன்னெண்டு வயசுன்னு எழுதியிருக்கறீங்க” என்றார் தங்கராஜ்.

“ஆமாங்கய்யா.”

“எழுதியிருக்கக் கூடாதுங்க.”

மகுடேஸ்வரன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, அவருக்கே உரிய மரியாதையோடு பேசினார். “சந்தனம், நீங்க தப்பா நெனைக்கப்படாதுங்க. எங்க கம்பெனியில அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, சின்னப் புள்ளைகள வேலைக்கு வெச்சதே இல்லீங்க. அன்னைக்குக் கைமடிக்கு நின்னதெல்லாம் வயசுக்கு மீறுன பொறுப்பான புள்ளைகங்க. எங்கய்யன் அதுகள வேலைக்காரியாப் பாக்கவே இல்லீங்க. தம்பட ஊட்டுப் புள்ளையாட்டத்தான் பாத்தாரு. சம்பளம்னு ஒண்ணு பேசுனாத்தான வேலைக்காரி ஆகறது? அதனால அதைக்கூடப் பேசாம, கையில என்ன இருக்குதோ குடுத்தனுப்புவாருங்க. பையர் வந்தா அத்தன புள்ளைகளையும் பத்திரமாத் துணிக் குடோனுக்குள்ள உக்கார வெச்சு, வெளிய பூட்டிப்போட்டு, ஆளுக்கொரு முட்டாயி குடுப்பாருங்க. ஒண்ணுகூடச் சத்தம் போடாதுங்க. அப்பேர்ப்பட்ட வளப்பு. அதையப் போயி நீங்க வேலைன்னு எழுதிப்போட்டீங்களே!”

சில நாள் அக்கா கையில் ஒரு மிட்டாயோடு வருவாள். தின்னாமல் அப்படியே தம்பிக்குக் கொண்டுவருவாள். “கம்பெனிக்கு வெள்ளக்காரன் வந்தாம்லே” என்பாள். நன்றாக மடித்ததற்கு வெள்ளைக்காரர் கொடுத்த பரிசு என்றுதான் சந்தனம் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் அந்த மிட்டாய் என்னவென்று தெரிந்தது. எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் பனியன் அவர்கள் அலமாரியில் இருந்தது.

“ஐயா, நான் வேணும்னா வயச மாத்தி எழுதிக் குடுக்கேன். இருவதுன்னு போட்டுருதேன். மடிப்ப மட்டும் விட்டுருங்க” என்றான். சொல்லும்போதே அவனுக்கு அவன்மேல் வெறுப்பாக இருந்தது.

“இருவது வயசுன்னா மஸ்டர்ல, வருகைப் பதிவேட்டுல, பேர் இருக்கோணுமுங்க” என்றார் தங்கராஜ். “தொண்ணூத்தேழு மஸ்டரைப் பூரா பாத்துட்டேன். அபிராமின்னு யாருமே இல்லீங்க.”

“அப்ப எங்கக்கா?”

“இல்லீங்க.”

“அவ தச்ச தையல் இருக்கேங்க.”

“அதுதானுங்க பிரச்சனையே. இல்லாத ஆள் தெச்ச தையல் எப்படீங்க இருக்கும்? ஆடிட்டர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

பனியனே வேண்டாம், கொடுத்துவிடுங்கள், எதிலும் கேட்க மாட்டேன் என்று எழுதித் தருகிறேன் என்றான் சந்தனம். பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி அது அவனுடையதல்ல, தேசத்தினுடையது என்றார் மகுடேஸ்வரன். தேசத்தினுடையதைத் தூக்கித் தனி மனுஷனிடம் கொடுக்கத் தனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று வருத்தத்தோடு கேட்டார். பிறகு வாசல்வரை வந்து தோளில் கைபோட்டு அனுப்பினார். “ஒண்ணும் கவலைப்படாதீங்க. அந்த மடிப்பு உங்களுக்கு எத்தன முக்கியம்னு கூட்டத்து மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லிப்போட்டேனுங்க.”

அதன்பிறகு சந்தனம் ஆறு தடவை அலுவலகத்துக்குப் போனான். ஆறு தடவையும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். சுபஸ்ரீயைப் பார்க்க முடியவில்லை. கம்பெனியில் அவனுடைய முதலாளி கூப்பிட்டு, “மகுடேஸ்வரன் போன் பண்ணியிருந்தாருங்க. உங்களப் பத்தி ரொம்ப ஒசத்தியாப் பேசுனாரு. அந்த விசயத்த இத்தோட உட்டுருங்க” என்றார். ஜெயபாரதி, “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் பதினைந்து அன்று ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் விழா. அழைப்பிதழில் பதினான்காவது பெயராகச் சந்தனத்தின் பெயரும் இருந்தது. வாசலில் பள்ளிப் பிள்ளைகள் புதுப் பனியன் போட்டு வரிசையாக நின்றார்கள். மேடை நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் பட்டுத்துணி. திறப்பதற்கு முன்னால் பொருளுக்கு உரியவரும் செக்கிங் மாஸ்டருமான சந்தனமே கடைசி ஆய்வைச் செய்து கையெழுத்திட வேண்டும் என்பது குழுவின் ஏற்பாடு. இப்படி ஒரு பொருத்தம் எந்த ஊரில் அமையும் என்று ஒலிபெருக்கியில் வியந்தார்கள். சுபஸ்ரீ அவனை மேடைக்கு அழைத்துப் போய்ப் பட்டுத்துணியை விலக்கிப் பெட்டியைத் திறந்தாள். அவன் கண்ணைப் பார்க்காமலே திறந்தாள்.

பனியன் வெள்ளை வெளேரென்று இருந்தது. முதுகில் இருந்த இரண்டு ஓட்டையையும் தெரியாதபடி அடைத்திருந்தார்கள். முன்பக்கத்து 50க்கு மெருகு ஏற்றியிருந்தார்கள். நீளம் எழுபது சென்டிமீட்டர்.

சந்தனம் கீழ் விளிம்பைக் கையில் எடுத்தான். உள்ளே, வெளியே இரண்டு பக்கமும் புரட்டினான். பழைய துணியில் தையலைப் பிரித்தால் ஊசி ஏறிய துளை வரிசையாகத் தெரியும். எத்தனை தேர்ந்த ஆள் பிரித்தாலும் தெரியும். அதையாவது பார்த்துவிட வேண்டும் என்று விளக்குக்கு நேரே பிடித்தான். நூலை நூலாகத் தேடினான். நல்ல நீராவி கொடுத்து இஸ்திரி போட்டிருந்தார்கள். ஒரு துளைகூட இல்லை. அங்கே எந்தக் காலத்திலும் எந்தக் கையும் பட்ட மாதிரி இல்லை.

“அந்தச் சிவப்பு நூல் எங்கம்மா?” என்றான்.

“எதுங்கண்ணா?”

“பிரிச்ச நூலு.”

“பிசிறுங்களா?” என்றாள் சுபஸ்ரீ. “அது அன்னைக்கே கூட்டிப் போட்டுட்டாங்கண்ணா.”

பெட்டிக்குள் பனியனுக்குப் பக்கத்தில் தங்க எழுத்து அட்டை இருந்தது. ‘பொன்விழாப் பனியன், 1997. வழங்கியவர்: சந்தனம். நினைவின் தன்மை: மகிழ்ச்சி.’ அதன் கீழே தங்கராஜ் சேர்க்கச் சொன்ன வரி, ஏற்றுமதிப் பனியன்களில் தொங்குகிற அதே வரி: ‘இந்த ஆடையின் தயாரிப்பில் எந்த நிலையிலும் குழந்தைகளின் கை படவில்லை.’ அதற்கும் கீழே, ‘ஆய்வு செய்தவர்’ என்று போட்டு ஒரு கோடு.

சந்தனம் பேனாவை வாங்கவில்லை. மகுடேஸ்வரன் ஒலிபெருக்கி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மண்டபம் காத்திருந்தது. இரண்டாவது வரிசையில் ஜெயபாரதி எழுந்து நின்றுவிட்டாள்.

“போட்டுருங்கண்ணா” என்றாள் சுபஸ்ரீ, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நீங்க போடலீன்னா ஃபெயில்னு ஆயிருமுங்க. ஃபெயில் ஆனா வெட்டிப்போடுவாங்க.”

அவன் பனியனை இன்னொரு தடவை பார்த்தான். ஓட்டை இல்லை, கறை இல்லை, பிசிறு இல்லை, மடிப்பு இல்லை. செக்கிங் மாஸ்டராக அதில் சொல்வதற்கு ஒரு குறையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. குழந்தைகளின் கை படவில்லை என்ற வரிக்குக் கீழே தன் பெயரை எழுதினான். தேதியும் போட்டான்.